அழுத்திப் பிடித்தால் அண்ணன்

ஹெட்செட் பட்டனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது பெரிய வித்தை இல்லை, துர்கா. ஒரு ஆப் இருந்தால் போதும். சர்க்கரை நோயால் உன் அத்தை காவேரிக்குப் பார்வை போன பிறகு, போனை அவளால் தடவிப் பார்க்கத்தான் முடிந்தது. அதனால் புளூடூத் ஹெட்செட் வாங்கி வந்தேன். பட்டனை ஒரு முறை அழுத்தினால் வரும் அழைப்பை எடுக்கும். இரண்டு முறை அழுத்தினால் மணி சொல்லும். அழுத்திப் பிடித்தால் தாமல் ஊரில் இருக்கும் அவள் அண்ணனுக்கு, உன் அப்பாவுக்குப் போகும். அன்று அவள் என் கையை வெகுநேரம் விடவில்லை.

தினமும் பேசினார்கள். நான் பட்டுக்கடையில் புடவை விரித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பேசினார்கள். பகல் முழுக்கச் செவிலிமேட்டு வீட்டில் தனியாகக் கிடப்பானேன், இங்கேயே வந்துவிடு என்று உன் அப்பா கூப்பிட்டார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆடி முடிந்ததும் போகட்டுமா என்று இவள் கேட்டாள். போனால் திரும்பமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்றத் துப்பில்லாதவன் என்று தெருவில் பேசுவார்கள் என்றும் தோன்றியது.

அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு கோயிலுக்குப் போயிருந்தபோது பட்டனை மாற்றினேன். அழுத்திப் பிடித்தால் அழைப்பு போகாது. ‘நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை’ என்று நான் பதிவு செய்து வைத்த போன் கம்பெனிப் பெண்ணின் குரல் கேட்கும். உன் அப்பாவின் எண்ணிலிருந்து எதுவும் வராமலும் தடுத்துவிட்டேன்.

அவர் கடைக்கே வந்தார். இரக்கப்பட்டுக் கூப்பிட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை, உங்களோடு பேச இஷ்டமில்லையாம் என்றேன்.

“அவ நல்லா இருந்தா போதும், மாப்ளே,” என்றார். கொண்டுவந்த கொய்யாப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாங்கியதாகச் சொல்லி அவளுக்கு நறுக்கிக் கொடுத்தேன்.

“அண்ணன் நம்பர மாத்திக்கினு எங்கிட்ட சொல்லாம இருக்குது. எம்மேல இன்னா கோவமோ,” என்றாள் தின்றுகொண்டே.

இன்னொரு துண்டு நறுக்கி அவள் கையில் வைத்தேன். பட்டனைப் பழையபடி மாற்றவில்லை.

அவர் சாகக்கிடந்தபோது நீ எனக்குத்தான் போன் செய்தாய். அழைத்து வருகிறேன் என்றேன். வரவில்லை; அவளிடம் சொல்லவும் இல்லை. காரியம் முடிந்த பிறகுதான் பட்டனைச் சரிசெய்தேன். இனி அந்த எண்ணை எடுக்க ஆளில்லை, என் தப்பும் அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அப்பாவின் போனை நீ வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை.

நேற்று அவள் அழுத்தினாள். “அண்ணா” என்றதும் நீ அழுதுவிட்டாய். பக்கத்திலேயே இருந்த நான் அழைப்பை நிறுத்தினேன்.

“யாரோ பொண்ணு அழுவுது. யாரு அது?” என்று கேட்டாள்.

“ராங் நம்பர்மா,” என்றேன். பிறகு சோறு பிசைந்து கொடுத்தேன்.

உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அத்தை உள்ளேதான் இருக்கிறாள். அப்பா போய்விட்டதை நீயே போய்ச் சொல். மெதுவாகச் சொல்லம்மா. நான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது, அவள் தாங்கமாட்டாள் என்பதற்காகத்தான்.