மூன்றாவது புரி

தேன் எடுக்கும் கயிற்றைக் காய்ந்த கொடியில் திரிக்கக் கூடாது ஐயா. காய்ந்த கொடி பார்வைக்கு உறுதியாக இருக்கும். பாறை விளிம்பில் மடங்கினால் சொல்லாமல் முறிந்துவிடும். பச்சைக் கொடியை வெட்டிப் பட்டையை உரித்து, அன்றைக்கே மூன்று புரியாக முறுக்க வேண்டும். இரண்டு புரியே ஓர் ஆளை நன்றாகத் தாங்கும். ஒற்றைப் புரிகூடக் கொஞ்ச நேரம் தாங்கும். மூன்றாவது, மற்றவை ஏமாற்றினால் இருக்கட்டும் என்பதற்காக.

மாஜிஸ்திரேட்டு ஐயா, தாங்கள் கேட்டது என் மாமாவைப் பற்றி. கயிறு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அது விளங்காது. நான் சொல்வது எனக்கே எதிராக நிற்கலாம், சொல்லாமலும் இருக்கலாம் என்று தாங்கள் மூன்று தரம் சொன்னீர்கள். எனக்குச் சொல்லத்தான் விருப்பம்.

என் பெயர் முத்தன். கொல்லிமலையில் பைல் நாடு. சாமையும் மிளகும் போடுகிறவன். மாமாவின் பெயர் வெள்ளையன். என் அக்காள் மயிலம்மாளைக் கட்டியவர்.

கயிற்றின் தலைப்பைத் தேன்கூடு தொங்கும் பாறைக்கு மேலே ஒரு வேங்கை மரத்தில் கட்டுவோம். இறங்குகிறவர் முழத்துக்கு ஒன்றாகப் போட்ட முடிச்சுகளில் கால் வைத்து இறங்குவார். மேலே ஒருவன் காவல் இருப்பான். பாறை விளிம்பில் கயிறு தேயாமல் தழைக்கட்டு கொடுப்பதும், இன்னொரு சின்னக் கயிற்றில் புகைப்பந்தத்தையும் கூடையையும் இறக்கி ஏற்றுவதும் அவன் வேலை. அந்தக் காவலுக்கு எங்கள் ஊரில் அண்ணன் தம்பியை வைப்பதில்லை. கூடப் பிறந்தவன் என்றால் காடு பங்கு போடும்போது ஓர் ஆள் குறைந்தால் தேவலை என்று நினைக்கலாம் அல்லவா. மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் வைப்போம். அவன் கயிற்றை விட்டால் அவன் அக்காள் தாலிதான் போகும். ஆகவே காவல் கயிற்றிலும் இல்லை, மரத்திலும் இல்லை. அது அக்காளிடம் இருக்கிறது. இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்.

இன்னொன்றும் உண்டு. தொங்குகிறவர் மேலே இருப்பவனைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காவல்காரன் கண்ணயர்ந்துவிடாமல் இருக்க அது. கீழே இருப்பவர் நலம் என்பதற்கும் அதுதான் அடையாளம். திட்டு நின்றால் ஆபத்து. தேனீ மொய்த்து மயங்கிவிட்டார் என்று பொருள்.

"ஏண்டா முத்தா, தூங்கறயா? உன் மூஞ்சிக்கு எங்கூட்டுப் பன்னி தேவலைடா!" என்பார் மாமா.

"அந்தப் பன்னிகிட்டயே கயித்தக் குடுத்துட்டுப் போறனுங்க."

"மேல வந்தன்னா உன்னக் கொன்னே போடுவன் பாரு."

"வாங்க வாங்க. கயிறு எங்கையில இருக்கறத மறந்துறாதீங்க."

மேலே வந்ததும் இருவரும் ஒரே இலையில் தேனடையைப் பிட்டுத் தின்போம். பத்து வருஷம் அப்படித்தான்.

போன ஐப்பசியில் அக்காளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மாமா அவளை விட்டு நகரவில்லை. என் கால் வேகமானது என்று என்னைக் கீழே அனுப்பினார், பேளுக்குறிச்சியில் கொயினா மாத்திரை வாங்கிவர. போனேன், வாங்கினேன், மடியில் முடிந்துகொண்டேன். உச்சிக்கு முன்பே எல்லாம் முடிந்தது. திரும்பும் வழியில் புதிதாக வைத்த அரிசி மில் இருந்தது. அதன் எண்ணெய் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

ஐயா இஞ்சினின் உள்ளே பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் வெடிக்கிறது. வெடிப்பு ஓர் உருளையை நேராகத் தள்ளுகிறது. நேராகப் போவது எப்படி வட்டமாகச் சுற்றுகிறது? அதற்கு ஒரு வளைந்த தண்டு இருக்கிறது. அன்று அதைப் பிரித்ததைப் பார்த்தேன். மறுநாள்தான் மாட்டுவோம் என்றார்கள். மாட்டுவதைப் பார்க்காவிட்டால் பிரித்ததைப் பார்த்தது வீண். மறுநாள் மாட்டி ஓடவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் ஊர் சேர்ந்தபோது அக்காளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றில் வெள்ளம் என்றேன். மாமா "செரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அறுப்பு முடிந்ததும் சாமையில் முதல் மூட்டையை எனக்கு அனுப்பினார். பண்டிகைக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டார். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவன்தான் இப்படிக் கவனிப்பான் என்று நினைத்தேன். இந்த வருஷம் தேனுக்கு வேறு காவல் வைத்துக்கொள் என்று ஊரில் அவரிடம் சொன்னார்கள். அக்காள் இல்லையே, கணக்குப்படி அது சரிதான். "எனக்கு முத்தன் இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தேன் எடுக்கப் போன அன்று காலை மஞ்சு மூட்டம் விலகுவதற்குள் இறங்கினார். முதல் அடை எடுக்கும்வரை வழக்கம்போலத் திட்டினார். பிறகு திட்டு நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். மயக்கம் இல்லை. முப்பது முழத்துக்குக் கீழே அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத்தா. நேத்துச் சந்தையில வண்டிக்காரக் காளியண்ணனப் பாத்தன்."

நான் தழைக்கட்டைச் சரிசெய்தேன்.

"அன்னிக்கு ஆத்துல தண்ணியே வரலையாமா. நீ மில்லுல இஞ்சினு பாத்துட்டு நின்னியாமா."

நான் கூடையை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன்.

"போச்சு உடு சாமி. மேல வாரேன், பேசிக்கலாம்."

சாமி என்றார், குழந்தையைக் கூப்பிடுவதுபோல. பத்து வருஷத்தில் அந்தப் பாறையில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கொன்னே போடுவன் என்று அவர் கத்திய நாளிலெல்லாம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அன்றுதான் பயந்தேன். பயம் உண்மையா என்று கேட்டீர்களே, கூடையை என்னால் பிடிக்க முடியவில்லை. தேன் என் காலில் கொட்டியது. அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நேற்றே தெரிந்தவன் இன்று உன்னை நம்பி ஏன் கயிற்றில் இறங்கினான் என்றும் கேட்டீர்கள். எனக்கும் அதுதான் புரியவில்லை. இன்றுவரை அதை எந்தப் பக்கமிருந்து பிரித்தாலும் மாட்ட முடியவில்லை.

உயிருக்கு ஆபத்து என்று பயந்தவன் கொல்லலாம். ஆனால் அந்தப் பயத்துக்கு நியாயம் வேண்டும், போலீசைத் தேடி ஓட அவகாசம் இருந்திருக்கக் கூடாது என்றீர்கள். எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருக்கிறது. பல்சக்கரம்போல ஒரு பல் இன்னொன்றில் சரியாக மாட்டுகிறது. மாமா மேலே வர அரை நாழிகை. நான் மலை இறங்கி ஸ்டேஷன் போய்ச் சேர முக்கால் நாள். அவகாசம் எங்கே இருக்கிறது?

அவர் கையில் ஆயுதம் இருந்ததா என்பதையும் மறைக்க மாட்டேன். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் தேனறுக்கும் கத்தியைக் கூடையில் வைத்து முன்னாலேயே மேலே அனுப்பிவிடுவது வழக்கம். அன்றும் அனுப்பியிருந்தார். ஆனால் அவருக்கு என்னைவிடக் கைப்பலம் அதிகம்.

முடிச்சை அவிழ்க்க முடியாது. ஆள் தொங்கும்போது எடையே அதை இறுக்கும். ஆகவே அந்தக் கத்தியை எடுத்தேன். தேன் படிந்து வழுக்கியது, தழையில் துடைத்துக்கொண்டேன். முதல் புரி அறுந்ததும் கயிறு ஒரு குலுங்கு குலுங்கியது.

"முத்தா! என்ன சாமி, வழுக்கிட்டியா? மரத்தப் புடிச்சுக்க!"

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

"ஒண்ணுமில்லீங்க மாமா. நீங்க பாத்து வாங்க" என்றேன். பதில் சொல்லாமல் இருந்தால் அவர் பயந்துவிடுவார். பிறகு இரண்டாவதை அறுத்தேன்.

அக்காள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது ஐயா. அந்தக் காவல் இல்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதற்கு யாரும் பொறுப்பில்லை, அது காய்ச்சல்.

நான் சொல்வதை எழுதுகிறவர் ஒன்றைத் தவறாக எழுதியிருக்கிறார். கயிற்றை முழுவதும் நான் அறுத்ததாக இருக்கிறது. மூன்றாவது புரியை நான் பாதிதான் அறுத்தேன். மீதி அவர் எடைக்கு அறுந்தது. அதைத் திருத்திவிடச் சொல்லுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.