ஒரே கலர், ஒரே சைஸ்

கோதண்டபாணி: ...அதாம்மா எனக்குப் புரியல. ரெண்டு ஃப்ரிட்ஜா?

பவுலின்: ரெண்டுதாங்க. ஒரே கலரு, ஒரே சைசு. கொஞ்சம்கூட மாறக்கூடாது.

கோதண்டபாணி: ஹோட்டல் கீட்டல் வெச்சிருக்கீங்களா?

பவுலின்: வீட்டுக்குதாங்க. ஒன்னு எனக்கு. ஒன்னு அவங்களுக்கு.

கோதண்டபாணி: அவங்கன்னா... மிக்ஸி பக்கம் திரும்பிக்கினு நிக்கறாங்களே, அந்தம்மாவா? நான் வேற பார்ட்டின்னு இல்ல நெனச்சேன்!

பவுலின்: என் கொழுந்தனார் பொண்டாட்டி. ஜெசிந்தான்னு பேரு. எதுவா இருந்தாலும் அவங்களையும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க.

கோதண்டபாணி: ஜெசிந்தாம்மா... இப்பிடி வாங்க. உங்களுக்கு இன்னா கலரு வேணும்?

ஜெசிந்தா: பெரியவங்க எது சொல்றாங்களோ அதாங்க.

கோதண்டபாணி: பெரியவங்க உங்களத்தான் கேக்கச் சொல்றாங்க.

ஜெசிந்தா: எங்க மாமா, அதான் அவங்க வூட்டுக்காரரு, சொல்லித்தான் அனுப்பினாரு. ரெண்டும் ஒன்னாட்டமே இருக்கணும். இல்லன்னா அவளுக்குப் பெருசு, இவளுக்குச் சின்னதுன்னு பின்னால பேச்சு வருமாம்.

கோதண்டபாணி: எந்த ஊரும்மா?

பவுலின்: திண்டிவனம்.

கோதண்டபாணி: திண்டிவனத்துல கெடைக்காத ஃப்ரிட்ஜா?

பவுலின்: கெடைக்குது. ஒரே கலர்ல ரெண்டு இல்ல. ஒன்னு மெரூனு, ஒன்னு நீலம். ஒடனே அண்ணனும் தம்பியும் டெம்போவ எடுத்துக்கினு விழுப்புரம் கெளம்பிட்டாங்க.

ஜெசிந்தா: டெம்போல எடமில்ல. நாங்க பஸ்ஸுல வந்தோம்.

கோதண்டபாணி: ரெண்டு பேரும் ஒன்னாவா?

ஜெசிந்தா: ஒரே பஸ்ஸுதான். நான் முன் சீட்டு.

பவுலின்: நான் பின் சீட்டு.

கோதண்டபாணி: வெளங்கிடுச்சு. அப்ப ஆம்பளைங்க எங்க?

பவுலின்: எதிர்ல, டீக்கடையில. அவரு மூணாவது டீ குடிக்கிறாரு. தவக்காலம் பூரா விட்டதச் சேத்து வெச்சுக் குடிக்கிறாரு.

கோதண்டபாணி: தவக்காலம்னா?

பவுலின்: ஈஸ்டருக்கு முன்ன நாப்பது நாளுங்க. கவுச்சி மட்டும் விட்டா பத்தாது, உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அத விடுங்கன்னு ஃபாதர் இந்த வருசம் பிரசங்கத்துல சொல்லிட்டாரு. எத விட்டோம்னும் வெளிய மூச்சு விடக்கூடாதாம்.

ஜெசிந்தா: மாமா டீய விட்டது மறுநாளே தெருவுக்கே தெரிஞ்சிபோச்சு.

பவுலின்: அவங்க வூட்டுக்காரரு சினிமாவ விட்டாரு. அதுக்கு மூஞ்ச பாக்கணுமே, எழவு வூடு தோத்துது.

கோதண்டபாணி: நீங்க ரெண்டு பேரும்?

பவுலின்: என்னமோ விட்டோம். ஃப்ரிட்ஜக் காட்டுங்க.

கோதண்டபாணி: காட்டறேன் காட்டறேன். வீட்ல எத்தினி பேரு?

பவுலின்: அஞ்சு.

ஜெசிந்தா: மூணு.

கோதண்டபாணி: அஞ்சா, மூணா?

பவுலின்: எங்க பக்கம் அஞ்சு. நானு, அவரு, ஜெனித்து, வெனிலா, சின்னவன்.

ஜெசிந்தா: எங்க பக்கம் மூணு. நானு, அவரு, பொண்ணு. அக்டோபர் வந்தா நாலு.

கோதண்டபாணி: அக்டோபர் வந்தா... ஓ! ரொம்ப சந்தோசம்மா. ஒக்காருங்க, ஏன் நின்னுக்கினே இருக்கீங்க?

பவுலின்: அந்தச் சேர ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போடுங்க. அவங்களுக்குப் புழுக்கம் ஆவாது.

ஜெசிந்தா: பரவால்லன்னு சொல்லுங்க.

கோதண்டபாணி: யார்கிட்ட சொல்லணும்? அவங்க உங்க பக்கத்துலதான நிக்கறாங்க! சரி சரி, எனக்கெதுக்கு. தனித்தனி வூடுங்களா?

பவுலின்: இன்னி வரிக்கும் ஒரே வூடு, ஒரே அடுப்பு. திங்கக்கெழம நடுக்கூடத்துல செவுரு வெக்கறாங்க. செங்கல் எறக்கியாச்சு.

ஜெசிந்தா: குடும்பம் பெருசாயிடுச்சாம். அவங்கவங்க பக்கம் அவங்கவங்க பாத்துக்கணுமாம். மாமா சொன்னாரு.

பவுலின்: மாமா மட்டும் சொல்லல. அவங்க வூட்டுக்காரரும்தான் சொன்னாரு.

கோதண்டபாணி: அட, எனக்கெதுக்கு சாமி இந்தப் பஞ்சாயத்து... இதப் பாருங்க. நூத்தி எண்பது லிட்டரு, சிங்கிள் டோரு. முட்டைக்குத் தட்டு, காய்க்கு ட்ரே. அஞ்சு பேருக்குத் தாராளம்.

பவுலின்: இருங்க. அந்தக் கட்டப்பைய இப்பிடி எடுங்க.

கோதண்டபாணி: அம்மாடி! இன்னா கனம்... இன்னாம்மா இது, குண்டானா?

பவுலின்: மாவு குண்டான். உள்ள வெச்சுப் பாக்கணும்.

கோதண்டபாணி: இருவது வருசமா இந்தக் கடையில நிக்கறேன். டேப்பு வெச்சு அளக்கறவங்களப் பாத்திருக்கேன், நூலப் புடிச்சு அளக்கறவங்களப் பாத்திருக்கேன். குண்டானத் தூக்கிக்கினு வந்தது நீங்க ஒருத்தர்தான்.

ஜெசிந்தா: அந்தக் குண்டானயா எடுத்தாந்தாங்க? கேளுங்க.

கோதண்டபாணி: பேஜாரு புடிச்ச வேலையா கீதே... அந்தக் குண்டானயா எடுத்தாந்தீங்க?

பவுலின்: ஆமா. அது எங்க பக்கமா, அவங்க பக்கமான்னு இன்னும் யாரும் பிரிக்கலன்னு சொல்லுங்க.

கோதண்டபாணி: கேட்டாச்சு, சொல்லியாச்சு. இப்ப உள்ள வெக்கறேன்... கொஞ்சம் சாய்ச்சா... ம்ஹூம். கதவு சாத்தல.

பவுலின்: மேல் தட்ட எடுத்துடுங்க.

கோதண்டபாணி: எடுத்தா போவும். அப்புறம் பாலு, காயி, கொழம்பு எல்லாம் எங்க வெப்பீங்க? ஏம்மா, ரெண்டு வூடுதான ஆவப்போறீங்க? மாவயும் ரெண்டாப் பிரிச்சு சின்னச் சின்ன குண்டான்ல ஊத்திக்க வேண்டியதுதான?

பவுலின்: அதெப்பிடிங்க!

ஜெசிந்தா: அதெப்பிடிங்க!

கோதண்டபாணி: அப்பாடா! ஒரு விசயத்துல ஒத்துக்கினீங்க.

பவுலின்: நான் ஆட்டினா மாவு பொங்காதுங்க. பன்னெண்டு வருசமா ஆட்டறேன், கல்லாட்டம்தான் கெடக்கும். அவங்க கை வெச்சுக் கரைச்சாதான் மூடியத் தள்ளிக்கினு வரும்.

ஜெசிந்தா: என்னால தோசை வட்டமா ஊத்த முடியாதுங்க. நான் ஊத்தினா எம்பொண்ணு தொடாது. பெரிம்மா ஊத்தினாதான் சாப்புடுவேன்னு தட்ட எடுத்துக்கினு அந்தப் பக்கம் ஓடிடும்.

கோதண்டபாணி: அப்ப செவுரு வெச்சப்புறம்? மாவு அந்தப் பக்கம், தோசக்கல்லு இந்தப் பக்கமா?

பவுலின்: செவுத்துல குண்டான் போற அளவுக்கு ஒரு ஓட்ட விடச் சொல்லணும்.

ஜெசிந்தா: ஹ்ஹ...

கோதண்டபாணி: சிரிச்சிட்டீங்க! நான் பாத்தேன்!

ஜெசிந்தா: இல்லீங்க. இருமல்.

பவுலின்: இருமலா? எப்பத்துலேர்ந்து? ராத்திரி பால்ல மஞ்சத்தூளு, மொளகு போட்டுக் குடிச்சியா, இல்லியா?

ஜெசிந்தா: ...இல்லக்கா.

கோதண்டபாணி: நான் குடோனுக்குப் போய் இதே கலர்ல இன்னொரு பீஸு இருக்குதான்னு பாத்துக்கினு வர்றேன். மெதுவாதான் வருவேன். பேசிக்கினு இருங்க.

பவுலின்: வாந்தி நின்னுச்சா?

ஜெசிந்தா: காலையில மட்டும்தான்க்கா. இன்னிக்கி பஸ்ஸுலதான் கொஞ்சம்... விக்கிரவாண்டி தாண்டினதும் கண்டக்டரு வந்து ஒரு எலுமிச்சம்பழத்தக் கையில குடுத்தாரு.

பவுலின்: நல்ல கண்டக்டரு.

ஜெசிந்தா: டிக்கெட்டோட எலுமிச்சம்பழமும் குடுக்கறாங்களான்னு கேட்டேன். பின் சீட்டுல ஒருத்தங்க, குண்டான மடியில வெச்சிக்கினு இருக்காங்களே, அவங்கதான் குடுத்தனுப்பினாங்கன்னாரு.

பவுலின்: வாய் சும்மா இருக்காதே அவனுக்கு.

ஜெசிந்தா: நேரா எங்கிட்ட குடுத்திருக்கலாமேக்கா.

பவுலின்: நேரா சொல்ல வேண்டியதெல்லாம் நீ நேரா சொன்னியா? நீ முழுகாம இருக்கறத எனக்கு யார் சொன்னது தெரியுமா? எம்பொண்ணு வெனிலா! நாலாங்கிளாஸ் படிக்கற புள்ள வந்து, அம்மா, சித்திக்குப் பாப்பா வரப்போவுதாம்னு சொல்லுது. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

ஜெசிந்தா: சொல்லணும்னுதான்க்கா வந்தேன். சமையக்கட்டு வரிக்கும் வந்துட்டேன். வாய் வரிக்கும் வந்துடுச்சு.

பவுலின்: அப்புறம்?

ஜெசிந்தா: ...உப்பு எங்க இருக்குதுன்னு கேட்டுட்டுப் போயிட்டேன்.

பவுலின்: ஆமா. கேட்ட. உப்பு உங்கையிலதான் இருந்துச்சு.

ஜெசிந்தா: நீங்க மட்டும்? நான் உப்புன்னா, நீங்க அதோன்னு கைய நீட்டினீங்க. முன்னயெல்லாம் சாயங்காலமானா மொறத்துல மல்லாட்டைக் கடலையப் போட்டு உரிச்சிக்கினே எவ்வளவு பேசுவோம். வெளக்கு வெக்கக்கூட மறந்துபோவும். ஒரு நாளாவது இன்னா ஜெசின்னு கூப்புட்டீங்களா?

பவுலின்: ஈஸ்டர் அன்னிக்கி பூசை முடிஞ்சதும் ஒரு மொறம் மல்லாட்டைய எடுத்துக்கினு பின்கட்டுல ஒக்காந்திருந்தேன்டி. ஒனக்குன்னுதான் ஒக்காந்திருந்தேன். உன் வூட்டுக்காரன் அருணு வந்து, அவ அம்மா வூட்டுக்கு, வல்லத்துக்கு பஸ் ஏறிட்டா அண்ணின்னு சொல்றான். அவ்வளத்தையும் நான் ஒருத்தியே உரிச்சேன்.

ஜெசிந்தா: அம்மாவுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சுக்கா. உங்களத் தேடினேன், நீங்க கோயில்லேர்ந்து வரல. மூணே நாள்ல ஓடியாந்தேன். வந்து பாத்தா வாசல்ல செங்கல்லு.

பவுலின்: நான் எறக்கச் சொல்லல.

ஜெசிந்தா: நீங்க சொல்லாமயா மாமா...?

பவுலின்: சத்தியமா நான் வாயத் தொறக்கல. நீதான் தம்பிகிட்ட அழுதிருப்பன்னு நெனச்சேன்.

ஜெசிந்தா: மாதா மேல சத்தியமா இல்லக்கா! நானும் வாயே தொறக்கல!

பவுலின்: அப்ப யாருதான்டி சொன்னது?

ஜெசிந்தா: யாரும் சொல்லலபோல. பொம்பளைங்க பேசிக்க மாட்டேங்கறாங்க, ஒத்துப்போவலபோலன்னு டெம்போ ஓட்டிக்கினே அண்ணனும் தம்பியும் முடிவு பண்ணிட்டாங்க.

பவுலின்: டெம்போல எடமில்லன்னு சொன்னப்பவே நெனச்சேன், தனியா என்னமோ பேசிக்கறாங்கன்னு... நம்மள ஒரு வார்த்த கேட்டாங்களா?

ஜெசிந்தா: கலரு கேட்டாங்க.

கோதண்டபாணி: நல்ல சேதிம்மா! அதே கலர்ல இன்னொன்னு இருக்குது. அச்சு அசலா அதேதான். ஜல்தியா சொன்னீங்கன்னா ரெண்டையும் ஏத்திடலாம்.

பவுலின்: அது இன்னாங்க, அந்த மூலையில பெருசா நிக்குதே?

கோதண்டபாணி: அதா? முந்நூத்திப் பத்து லிட்டரு. டபுள் டோரு. அது பெரிய குடும்பத்துக்கும்மா, உங்களுக்கு எதுக்கு?

ஜெசிந்தா: குண்டான வெச்சுப் பாருங்க.

கோதண்டபாணி: பாத்துடலாம். உள்ள போச்சு... சாத்தறேன்...

பவுலின்: சாத்திக்கிச்சு!

ஜெசிந்தா: இன்னொரு குண்டான் போவும்க்கா! மேல ஐஸுக்குத் தனிக் கதவு. ஜெனித்து பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து இதத் தொறந்துக்கினே நிப்பான்.

பவுலின்: நிப்பான். முதுகுல நாலு வெக்கலாம்.

கோதண்டபாணி: அப்ப இதுல ரெண்டா? ஒரே கலர்ல ஒன்னுதான இருக்குது.

பவுலின்: ஒன்னு போதும்.

கோதண்டபாணி: ஒன்னா? அப்ப இன்னொருத்தருக்கு?

பவுலின்: ஒன்னுதாங்க. ஒரே வூட்டுக்கு.

கோதண்டபாணி: அண்ணன் தம்பி வந்து ஒரே கலரு, ஒரே சைசுன்னு என்னப் புடிச்சா?

ஜெசிந்தா: ஒன்னு வாங்கினா எல்லாருக்கும் ஒரே கலரு, ஒரே சைசுதான? நாங்க சொல்லிக்கறோம்.

கோதண்டபாணி: அடேயப்பா! அப்ப அந்தச் செங்கல்லு?

பவுலின்: மாடியில ஒரு ரூமு எடுக்கச் சொல்றேன். அக்டோபருக்கு ஆள் வருதுல்ல. செவுரு வெக்கற ஆசைய அங்க தீத்துக்கட்டும்.

கோதண்டபாணி: நல்லா இருங்கம்மா. பில்லு எழுதிடறேன். வீட்ல மொத்தம் எத்தினி பேருன்னு சொன்னீங்க?

ஜெசிந்தா: ஒம்போது.

பவுலின்: கேட்டுக்கினீங்களா? ஒம்போது.

கோதண்டபாணி: ஒம்போது பேருக்கு இதுதாம்மா சரி. இருங்க, எழுதிக்கினு வர்றேன்.

பவுலின்: ஜெசி...

ஜெசிந்தா: இன்னாக்கா?

பவுலின்: நான் உங்கிட்ட ஒன்னு சொல்லணும். ஈஸ்டர்தான் முடிஞ்சிடுச்சே, இனிமே சொன்னா தப்பில்ல. கோவிச்சிக்க மாட்டியே?

ஜெசிந்தா: சொல்லுங்க.

பவுலின்: எது ரொம்பப் பிடிக்குமோ அத விடுங்கன்னு ஃபாதர் சொன்னாருல்ல. நான் யோசிச்சேன். கருவாடு விடலாமான்னு பாத்தேன். சீரியல விடலாமான்னு பாத்தேன். அதெல்லாம் விட்டா எனக்கு ஒன்னும் ஆவாது, அப்பிடி விட்டா சாமிய ஏமாத்தற மாதிரிதான? மனசத் தொட்டுப் பாத்தா, சாயங்காலம் மொறத்த வெச்சிக்கினு உங்கூட ஒக்காந்து பேசறேனே, அதுதான் எனக்கு எல்லாத்தயும் விடப் பிடிக்குது. அதான்... அதத்தான்டி விட்டேன். சொன்னா பலிக்காதுன்னு உங்கிட்டயும் சொல்லல. நாப்பது நாளும் நாக்கக் கடிச்சிக்கினு இருந்தேன். நீ பாப்பா விசயத்தச் சொல்லாமப் போனப்ப, கோவத்துல பேசாம இருக்கியோன்னு... ஏய்! இன்னாடி? எதுக்குடி இப்ப அழுவுற?

கோதண்டபாணி: பில்லு ரெடிம்மா! ஐயையோ, இப்பதான சிரிச்சிக்கினு இருந்தீங்க? இவங்கள இன்னா பண்ணீங்க?

பவுலின்: தெரியலீங்களே. நல்லதத்தான் சொன்னேன். ஜெசி, சொல்லுடி, எதுக்கு அழுவுற?

ஜெசிந்தா: அழுவலக்கா... சிரிப்பும் வருது. ஒரே பாய்ல ஒக்காந்து ஒரே பிரசங்கத்ததானக்கா கேட்டோம்... நானும் கருவாடுலேர்ந்து ஒன்னொன்னா யோசிச்சிப் பாத்து, கடைசியில ஒங்களத்தான்க்கா விட்டேன்.