தொட்டாத் தெரியுதுங்களா?

— கண்ணத் தொறக்காதீங்க. பிரின்சி சொன்னபடிதான் செய்யோணும்.

— ஏம்புள்ள தெரசா, பெரிய வெள்ளியும் அதுவுமா புருசன் கால மடியில வெச்சுக்கிட்டு என்ன வெளையாட்டு? ஒம்பது மணிக்கு நாங் கரட்டுல சிலுவை தூக்கிட்டு ஏறோணும்.

— ரெண்டு நிமிசந்தானுங்க. சக்கரை இருக்கறவங்களுக்கு அவ ஆஸ்பத்திரியில நைலான் நரம்பு வெச்சுப் பாப்பாங்களாம். ஊட்டுல கைவெரலே போதும்னா. நான் மெல்லத் தொடுவேன். எந்தக் கால்வெரல்னு நீங்க சொல்லோணும்.

— மக நர்சானதும் ஆனா, என் காலு பரீட்சைத் தாளாயிருச்சு. செரி, தொடு.

— ...

— வலது பெருவெரல்!

— நான் இன்னும் தொடவேயில்லீங்க.

— சும்மா... உன்னயச் சீண்டிப் பாத்தேன்.

— கல்யாணமான புதுசுல இந்தக் கால யாராலீங்க தொட முடிஞ்சுது? என் கொலுசு பட்டாக்கூட நெளிஞ்சு நெளிஞ்சு சிரிப்பீங்க. பக்கத்தூட்டுல எட்டிப் பாப்பாங்க.

— அந்த வருசம் கரட்டு மேல... பாறை கொதிக்குது, தோள்ல சிலுவை, நான் கோழியாட்டம் குதிக்கறேன்...

— சிலுவைப் பாதையில மூணாம் ஸ்தலத்துல. நாஞ் சிரிச்சுப்போட்டேன்.

— ஊரே செபம் சொல்லுது, நீ வாயில முந்தானைய அடைச்சுக்கிட்டு! அப்பறம் சொம்புத் தண்ணிய எங் காலடியில ஊத்திட்டே வந்த. காலியாகக் காலியாக ஓடி ஓடி நெப்பிட்டு...

— உங்கப்பாரு திட்டுனாரே, 'ஆண்டவருக்கு யாரு தண்ணி ஊத்துனா'ன்னு.

— 'வெரோணிக்கா ஆண்டவரு மூஞ்சியத் தொடச்சாங்கல்ல மாமா'ன்ன நீ.

— ... இப்பச் சொல்லுங்க. எந்த வெரலு?

— நீ தொட்டாத்தான சொல்லுவேன்?

— ஆறு வெரலத் தொட்டுட்டேனுங்க.

— திடீர்னு எதுக்கு இதெல்லாம்? உண்மையச் சொல்லு.

— முந்தாநேத்து உங்க எடது செருப்புல ஆணி துருத்திட்டு நின்னுச்சு. நுனியில ரத்தம். அதப் போட்டுக்கிட்டு எடப்பாடி சந்தைக்குப் போய்ட்டு, பாடிக்கிட்டே ஊடு வந்தீங்க. மத்தியானம் நீங்க கண்ணசந்தப்பக் காயத்தக் கழுவி மருந்து போட்டேன். அசையவே இல்ல நீங்க. அப்பத்தான் பிரின்சிக்கு போன் பண்ணுனேன்.

— எங்கிட்டச் சொல்லல...

— பயமா இருந்துச்சுங்க. இன்னிக்கு வெறுங்கால்ல கரடு ஏற வேண்டாம். நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம்.

— ... சிலுவைய நம்ம பையன் ஜெர்ரி தூக்கட்டும். அந்தச் சொம்ப எடு. நான் செருப்புப் போட்டுக்கிட்டு கரட்டடியில உக்காந்து, ஏறறவங்க காலுக்குத் தண்ணி ஊத்தறேன்.

— நெசமாவா? நேத்துப் பெரிய வியாழன் பூசையில சாமியார் உங்க காலக் கழுவுனப்ப எப்பிடி அழுதீங்க! என்ன பக்தின்னு கோயிலே பேசுச்சு. நீங்களாவது, சிலுவைய உடறதாவதுன்னு நெனச்சேன்.

— பக்தியில அழுவல தெரசா. தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுச்சு... கால்ல ஒண்ணுமே தெரியல.