கரி வண்டியும் காலைக் காப்பியும்

...கிளம்பும் அண்ணாச்சி, கிளம்பும். கரி பத்திக்கிடணும்ல. வெள்ளைக்காரன் சண்டைக்காகப் பெட்ரோலையெல்லாம் கொண்டுபோயிட்டாக, நமக்குக் கரிதான். வண்டிக்குப் பின்னால பீப்பா மாதிரி நிக்குதுல்ல, அதான் அடுப்பு. அதுல வர்ற புகையிலதான் இஞ்சினு ஓடுது.

நான் புலம்புறது கரியப் பத்தி இல்ல. இந்த பஸ் கம்பெனில கண்டக்டரா இருக்கேன் பாருங்க, அதப் பத்தி. வேற கம்பெனில முதலாளி சொல்வாக, மத்தவுக கேப்பாக, முடிஞ்சு போச்சு. எங்க சின்ன மீரான் முதலாளி வண்டி வாங்குன நாள்லேர்ந்து ஒரு பழக்கம் வச்சிருக்காக. காலைல எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து கருப்பட்டிக் காப்பி குடிக்கணும். யாரு தப்பை யாரு வேணாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லலாம், கோவிக்கக் கூடாது. முதலாளி கடைசியிலதான் பேசுவாக. "தங்கசாமி, நேத்து ஒரு பொம்பளைய மொறைச்சியாமே"ன்னு, காப்பி என் தொண்டையில எறங்குறதுக்குள்ள யாராச்சும் ஆரம்பிச்சிருவாக. மனுசன் எப்படி அண்ணாச்சி குடிக்கிறது?

மதுரைப் பக்கம் ஓடுன இன்னொரு கம்பெனியும் எங்களை மாதிரியே அடுப்பு மாட்டுச்சு. எல்லாத்துக்கும் ஒரே சீக்கு... புகையில உள்ள தாரு போயி இஞ்சினை அடைச்சுக்கிடும். அந்த முதலாளி, ஓட்டத் தெரியலைன்னு டிரைவரை வெரட்டுனாரு. அடுத்து வந்தவன் வண்டி நின்னாலும் வாயத் திறக்கல. இப்ப அந்த வண்டிக்குள்ள கோழி முட்டையிடுது.

எங்க வண்டியும் ஊரு எல்லை தாண்டல. ஓடலைன்னா லைசன்ஸு போயிரும். இந்த வண்டிய நம்பி அஞ்சு குடும்பம் அண்ணாச்சி. முதலாளி காப்பிய ஆத்திக்கிட்டே, "ஆளுக்கொரு யோசனை சொல்லுங்கப்பா. கெட்டாலும் என் வண்டிதானே கெடும்"னாக.

கடைசியா அவுக சொன்ன யோசனையத்தான் முதல்ல செஞ்சு பாத்தோம். புகையத் தண்ணிக்குள்ள விட்டு எடுத்தோம். இஞ்சினு தண்ணி குடிச்சு இருமுச்சு. டிரைவர் சென்னய்யா முதலாளி முன்னாலயே சிரிச்சான், அவுகளும் சேந்து சிரிச்சாக. அடுத்து சென்னய்யா தேங்காநாரைத் திணிச்சான். நாரு தாரைக் குடிச்சுக் கல்லாட்டம் ஆயிருச்சு. அப்புறம் நான். நெசவுக்காரக தறிக்குழியில கெடந்த துண்டு நூலையெல்லாம் அள்ளியாந்து திணிச்சு, குனிஞ்சு பாத்தேன். குப்புனு பத்துச்சு. இந்தப் பக்கத்து மீசை இன்னும் மொளைக்கல, பாருங்க.

சிரிங்க, சிரிங்க. அன்னைக்கும் எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சாக. ஆனா ஒருத்தரும் வையல. அந்தச் சிரிப்புலதான் சென்னய்யா, "முதலாளி தண்ணியையும் என் நாரையும் சேத்து வச்சா என்ன"ன்னான். வச்சோம். தண்ணி தாரைப் பிடிச்சுக்கிருச்சு, நாரு ஈரத்தைப் பிடிச்சுக்கிருச்சு. ஒரே மூச்சுல திருச்சுழி. எறங்குனதும் சென்னய்யா அழுதுட்டான். அப்புறம் பட்டாளத்து லாரி ஓட்ட ரெட்டைச் சம்பளம்னு அவனைக் கூப்பிட்டாக, போகல. "அங்க வாயத் திறக்க முடியாதாம்லே"ன்னான்.

என் நூலை மட்டும் யாரும் சேத்துக்கிடல. அது வேற.

இப்ப அந்தப் பழக்கம் பாசஞ்சருக்கும் தொத்திக்கிருச்சு. நேத்து கோழிக்கூடையோட ஏறுன அம்மா, மேட்டுல கியரை எறக்குங்குறாக. சென்னய்யாவும் எறக்குறான். இப்படியிருந்தா கண்டக்டருக்கு என்ன மருவாதி, சொல்லுங்க...

ஏன் எந்திரிச்சுட்டீக? அங்க போகாதீக அண்ணாச்சி, சுடும். அது எங்க வேலை... என்னது? கரி ஈரமாவா இருக்கு?

ஏலே சென்னய்யா, அடுப்பை மூடாதலே. இவுக என்னமோ சொல்றாக, கேளு.