ராணியை விட்டுக்கொடுத்த பையன்

இல்லல்ல, உள்ள வரலைங்க. பூட்ஸெல்லாம் ஈரம். இங்க நின்னே சொல்லிடுறேன், கதவ மட்டும் சாத்திடாதீங்க, வெர்னெட்டா. குளிர் உள்ள வருதா? சரி, பாதி சாத்திக்கோங்க. என் மூக்கு தெரியற அளவுக்குத் தொறந்திருந்தாப் போதும்.

ஆமா, உங்க பொண்ணு ஒடெஸ்ஸா விஷயந்தான். எங்க பய ஆண்டர்ஸ் செஸ்ல அவகிட்ட வேணும்னே தோத்துட்டிருந்திருக்கான். ராணியக் கொண்டுபோய் அவ சிப்பாய் வெட்டற கட்டத்துல நிறுத்திட்டு, அய்யய்யோ கவனிக்கலையேன்னு நெஞ்சுல அடிச்சுக்குவானாம். பதினோரு ஆட்டம்! எட்டு வயசுக்கு என்ன நடிப்பு பாருங்க. அவ கண்டுபிடிச்சு ஏன்டான்னு கேட்டதுக்கு... ஓ, சொல்லிட்டாளா? முழுசாவா? உங்க கறுப்பு ஜனங்க ரொம்பக் கஷ்டப்பட்டவங்க, அதனால நீயே ஜெயிச்சுக்கோ, எங்கம்மாவுக்கும் சந்தோஷமா இருக்கும்னு... ஐயோ. காதுல விழுந்தப்போ எனக்கு உயிரே போயிடுச்சுங்க. அவ பலகையத் தூக்கி எறிஞ்சது ரொம்ப சரி. நானா இருந்தா அவன் தலையிலயே போட்டிருப்பேன்.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. லைப்ரரில மாசாமாசம் பெத்தவங்கள உக்கார வெச்சு, நிறவெறி இல்லாம பிள்ளைங்கள எப்படி வளக்கறதுன்னு கூட்டம் போடறவளே நான்தானே! பதினாலு அம்மாங்க, அத்தனையும் என்னை மாதிரி வெள்ளக்காரிங்க. தோல் நிறத்துலயே இருபத்திநாலு கிரேயான் வாங்கினோம். பொம்மைய மாத்தினோம், கதப் புத்தகத்த மாத்தினோம். கடையில பிள்ள யாரையாவது கை காட்டி, அவங்க ஏம்மா கறுப்பா இருக்காங்கன்னு சத்தமாக் கேட்டா, வாயப் பொத்தி இழுத்துட்டு ஓடாம நின்னு பதில் சொல்லணும்ல? அதுக்கு ஒத்திகை வேற. கறுப்பா இருக்கறவங்களா யாரு நிக்கறதுன்னு ஒரே குழப்பம். கடைசில ஒரு நாற்காலிய நிறுத்தி, அதுகிட்ட மரியாதையாப் பேசினோம்.

ஆமாங்க, உங்களக் கூப்பிடல. கூப்பிட்டா சங்கடப்படுவீங்களோன்னு... சரி, அதுவும் தப்புதான்.

ரெண்டு வாரமா அவ வரல. பய பலகைய விரிச்சு வெச்சுட்டு ரெண்டு பக்கமும் தானே ஆடறான். அவனுக்கு வேற கூட்டாளி கெடையாதுங்க. அவள அனுப்புங்க. இனி நெஜமாவே ஆடுவான். முடிஞ்சா அழ அழத் தோக்கடிப்பான், சத்தியம்.

என்ன? விட்டுக்குடுன்னு நான் சொல்லிக் குடுத்தேனா? இல்லவே இல்ல. கூட்டத்துலயும் இல்ல, சாப்பாட்டு மேசையிலயும் இல்ல. எங்கேருந்து கத்துக்கிட்டான்னு நானும் மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டேன். நேத்து அவன்கிட்டயே கேட்டேன். ஜன்னலக் காட்டறான்.

அந்தப் பக்கத்து வீட்டு டேல், போன வருஷம் அவர் வாசல் பனிய மெஷின வெச்சு எங்க கார் பாதையில தள்ளினாரே, ஞாபகம் இருக்கா? பனி அள்ற ஷவலத் தூக்கிட்டுப் போய்த் தெருவே வேடிக்கை பாக்கக் கத்தினேன். மறுநாளே நிறுத்திட்டாரு. இந்தப் பக்கத்துலேருந்து நீங்களும் அதேதான் பண்றீங்க, வெர்னெட்டா. நாலு வருஷமா, ஒவ்வொரு பனிக்கும். உங்களுக்கு மட்டும் பல்லைக் காட்டிக் கையாட்டுவேன். நீங்க உள்ள போனப்புறம் முதுகு ஒடிய அள்ளுவேன். பய அத்தனையும் ஜன்னல்ல நின்னு பாத்திருக்கான்.

டேல மனுஷனா மதிச்சு சண்டை போட்டேன். உங்களுக்கு அந்த மரியாதையக்கூடக் குடுக்கல. மன்னிச்சுக்கோங்க.

இன்னைக்குக் காலையிலயும் முட்டியளவு தள்ளியிருக்கீங்க. கோட்டப் போட்டுட்டு வாங்க. வந்து அள்ளுங்க.