கருவாடு மணக்கிற வீடு

“கருவாடு மணக்கிற வீடாப் பாருங்கோ.”

முன் ஆசனத்து அம்மா சொன்னது காதில் விழுந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற பஸ். வயலை மகனிடம் விட்டுவிட்டு, கடற்கரையில் வாடகை வீடு தேடிப் புறப்பட்ட வயதான தம்பதி என்பது அவர்களுடைய கதையிலேயே எனக்கு விளங்கியிருந்தது.

“கோயிலும் சந்தையும் நடந்து போற தூரத்தில இருந்தாக் காணும் எண்டெல்லோ சொன்னனீர்?” என்றார், நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த கணவர்.

“ஓம். கருவாடு காயப்போடுற பக்கம் கோயில், சந்தை எல்லாம் கிட்டத்தான். வாடகையும் குறைவு.”

“கலியாணம் கட்டின நாள் தொட்டு எங்கட குசினியில மீன் மச்சம் காய்ச்சினதில்லை. இனி மீன் தின்னப் போறீரே?”

“இல்லை, அது விட்டது விட்டதுதான். நான் முள்ளிவாய்க்கால் கடற்கரையில பிறந்தனான். விடியக் கதவைத் திறந்தா எங்கட ஐயா வீட்டு மணம் வரோணும். வேற ஒண்டும் கேக்கேல்லை.”

 யன்னலால் உப்புக்காற்று வரத் தொடங்கியபோது கணவர் கொண்டக்டரைக் கூப்பிட்டார்.

“தம்பி, கருவாடு காயப்போடுற இடத்துக்கு நாங்கள் எங்கை இறங்கோணும்?”