நாற்பத்தைந்து முடிந்தவர்கள்

— அந்தக் கதிரையில இரிக்க வாணாம், யசோதா. அது நாலு-ஏ, ஜன்னலோரம். ஒரு முதலாளிக்கு வச்சீக்கி. நீங்க மூணு-பீயில இரிங்க.

— தேத்தண்ணிக் கடையிலயும் சீட் நம்பரா, ஷிராஸ் நானா?

— பத்தொம்பது வருஷம் ஆகாயத்துல ஆக்கள இரித்தின கை, சும்மா கெடக்குமா? நீங்க இன்னும் பறக்கிற ஆள், ஒங்களுக்கு வெளங்காது. திகன சந்தியில பஸ் ஏறப் போறவனுக்கும் பெல்ட்டப் போடுங்கன்னு வாய் வருது. ஊட்டுல சோறு வைக்கச்செ கோழியா மீனான்னு கேக்கிறனாம், என்ட பொஞ்சாதி ஹிதாயா செல்றா. சட்டியில ஈக்கிறது பருப்பு மட்டும்.

— சிரிக்க வைக்காதீங்க. அம்பிட்டியவுல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். நாளைக்குக் கண்டி தொழில் கந்தோர்ல வேலை போனவங்க கேஸ் விசாரணை.

— தெரியும். ப்ளேன்டீயா, பாலா?

— நானா, கொஞ்சம் கேளுங்க. ரெண்டு குத்தகை விமானத்தத் திருப்பிக் குடுத்தாச்சு, ஆள் கூடிப்போச்சுன்னு கொம்பனி பதினாலு பேர நிப்பாட்டிச்சு. யாரு போகணுங்கிறத நம்ம ஏழு பேர் ஊழியர் கமிட்டியே சொல்லட்டும்னுச்சு.

— நாங்களும் பெரிய பாராளுமன்றமாட்டம் கூடினோம். பேர் போடாத துண்டுக் கடதாசியில யோசனை, பேர் போடாத துண்டுல ஓட்டு.

— நாப்பத்தஞ்சு வயசு முடிஞ்சவங்க போகணும்னு ஒரு துண்டு. பயணிங்க புகார் கூடினவங்க போகணும்னு இன்னொண்ணு. நாலுக்கு மூணுல வயசு ஜெயிச்சிச்சு. இப்ப கொம்பனி வக்கீல் அதத்தான் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. ஊழியர்களே ஆசைப்பட்டுக் கேட்ட சட்டமாம்.

— கெட்டிக்கார மனிசன்.

— அந்த யோசனைய எழுதுன ஆள் வந்து, யார்கிட்டயும் கேக்காம என் வேலையக் காப்பாத்திக்கத்தான் எழுதுனேன்னு சொன்னா, கேஸ் நிக்கும்னு நம்ம வக்கீல் சொல்றாரு. பதினாலு பேருக்கும் ஒரு வழி பொறக்கும்.

— அப்பிடிச் சென்னா மத்தப் பதிமூணு பேரும் அந்தாள எனத்த செய்வாங்க?

— மூஞ்சில காறித் துப்புவாங்க.

— சீனி போடவா?

— அது யாரு எழுத்துன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், நானா. சாப்பாட்டு லிஸ்ட்ல கிறுக்குற அதே கிறுக்கல்.

— சீனி ஒரு கரண்டி போட்டீக்கி.

— அவ்வளவுதானா?

— செல்றன். ஜித்தா பயணம் ஒண்டு, ஞாபகம் ஈக்கா? மக்காவுக்கு உம்ரா போன பொம்புளையள் அந்நிய ஆம்புளைக்குப் பக்கத்துல இரிக்க ஏலாதுன்னு நிண்டாங்க. நான் பெரிய மனிசன் வேலை பாத்து, முப்பத்தொரு பேர எழுப்பி மாத்தி இரித்தினன். ஜன்னல் சீட் கை விட்டுப் போன ஒரு கொழும்பு முதலாளி புகார் எழுதினார். அவரப் பாத்து இன்னும் ஒம்பது பேர். புகார்னு சட்டம் வந்தா மொதல் ஆள் நான்தான். அதான் வயசுன்னு எழுதினன்.

— ஒங்களுக்கும் நாப்பத்தஞ்சு முடிஞ்சிருந்துச்சே?

— எங்க முடிஞ்ச? உம்மாட கணக்குல நாப்பத்திமூணு. என்ட மூத்த நானாவையும் என்னயும் ஒரே நாள்ல இஸ்கூல்ல சேக்க, வாப்பா என்ட வயசுல ரெண்டு வருஷம் கூட்டிப் பதிஞ்சீக்கார். மத்த எல்லார்ட வயசையும் பைல்ல பாத்து எண்ணினன், யசோதா. என்ட வயச மட்டும் உம்மாட வாயால எண்ணிட்டன். லிஸ்ட் வந்தா மேல நிக்கிறது என்ட பேர்.

— சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

— எனக்கு வெக்கம்தான் வருது. கலஹா கறுப்பையா அண்ணனும் அந்தப் பதினாலுல ஒராள். மகள கெம்பஸ்ல படிக்க அனுப்பி ஒரு மாசம் ஆகல்ல. போன கிழமை இங்க வந்து, துண்டு எழுதினவன் கை வெளங்காமப் போகணும்னு ஏசினார். நானும் கூடச் சேந்து நல்லா ஏசினன். போகச்செ ரெண்டு வடையும் கட்டிக் குடுத்தன்.

— நாளைக்கு வருவீங்களா, நானா?

— வாறன். அல்லாவுக்காகச் செல்றன், இந்தப் பாரத்தோட இனித் தூங்க ஏலா. எத்தின மணிக்கு?

— ஒம்பதுக்கு.

— கறுப்பையா அண்ணனுக்குப் பக்கத்து சீட் மட்டும் எனக்குப் போட வாணாம். ஆனா ஒண்டு, யசோதா. எழுதினது நான். ஓட்டுப் போட்டது நாலு பேர். மத்த மூணு பேரும் நல்ல மனசோடதான் போட்டாங்கன்னு கொம்பனி செல்லுமே?

— சொல்லும். அதனால இன்னொரு ஆளும் வேணும்னு வக்கீல் கேக்குறாரு. பயத்துல போட்டேன்னு சொல்றதுக்கு. அந்த ஆள் இன்னும் வேலையில இருக்கு. சொன்னா அந்த வேலை நெலைக்காது.

— அப்பிடி யார் முன்னுக்கு வருவாங்க? அந்தச் சட்டம் அநியாயம்னு எழும்பி நிண்டு கத்தினது நீங்க ஒராள் மட்டும்தான்.

— கத்துனேன் நானா. கத்திட்டு உக்காந்து அதுக்கேதான் ஓட்டுப் போட்டேன். எம்மேல ஏழு புகார் இருந்துச்சு, நாப்பத்தஞ்சு முடிய இன்னும் பதினொரு நாள் இருந்துச்சு.